கூண்டுச் சண்டை பார்க்கும் மாப்பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், களம்பூரில் என் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டில் நடந்தது இது. நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியில் என் கணவர் பட்டு நெய்கிறார். நூல் சுற்றிக் கொடுப்பதும், அறுந்த இழைகளை முடிவதும் என் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இதை எழுதலாமா என்று யோசிக்கவே எனக்குப் பல நாள் ஆனது.

மாப்பிள்ளை களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். அப்பா இல்லை. அவரும் அவர் அம்மாவும்தான். பெண்ணைப் பிடித்துப்போய்ப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முகூர்த்தப் புடவையை உங்கள் தறியிலேயே நெய்துவிடுங்கள், அரக்கு நிறமாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். நூலைச் சாயத்துக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் சொந்தத்தில் முகூர்த்தப் புடவைக்கு நூல் சாயம் ஏறிவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு வரும்.

அந்த நேரத்தில்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். மாப்பிள்ளையும் மகளும் தினமும் போனில் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் போன் எடுப்பதில்லை.

"இன்னாத்துக்குடி எடுக்க மாட்டேன்றாரு?" என்று மகளைக் கேட்டேன்.

"அது ஃபைட் பாக்குற நேரம்மா. அமெரிக்காவுல சனிக்கிழம ராத்திரி நடக்குறது நமக்கு ஞாயித்துக்கிழம காலைல வரும். ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, அஞ்சாறு சண்ட வரிசையா இருக்கும்" என்றாள். அவர் அனுப்பிய ஒரு வீடியோவையும் காட்டினாள்.

கம்பி வலை போட்ட கூண்டு. உள்ளே இரண்டு ஆண்கள். ஒருவன் கீழே கிடக்கிறான். மேலே ஏறி உட்கார்ந்தவன் அவன் முகத்தில் குத்திக்கொண்டே இருக்கிறான். மூக்கிலிருந்து ரத்தம். சுற்றிலும் ஜனங்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். மகள் சிரித்துக்கொண்டே போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இதை ஆசையாக உட்கார்ந்து பார்க்கிற ஆள் எப்படிப்பட்டவனாக இருப்பான்? இரண்டு வாரம் இதே நினைப்புதான். சாயத்துக்குக் கொடுக்காமல் எதையாவது சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். நல்ல நாள் இல்லை என்றேன். நூல் ஒன்றிரண்டு கண்டு குறைகிறது என்றேன். கடைசியில் என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா நெனச்சிகினு இருக்க நீ? நாளன்னிக்கு சாயக்காரர் பட்டறைய வேற கலருக்கு மாத்திடுவாரு. அப்புறம் பேஜாராப் பூடும்."

"அரக்குன்னா எந்த அரக்குன்னு தெரியலியே. மாதிரி நூல் எடுத்தும்போய்க் காட்டிட்டு வந்துடலாம்" என்றேன்.

பொய்தான். அந்தச் சண்டையைப் பார்க்கும்போது மாப்பிள்ளையின் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல், கணவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பெண் வீட்டார் அப்படிப் போவது வழக்கமே இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. டி.வி.யில் அதே இரைச்சல். மாப்பிள்ளையின் அம்மா கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா! ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? வீடு கெடக்குற கெடப்பப் பாருங்க" என்றார்.

மாப்பிள்ளை பதறி எழுந்து டி.வி.யை நிறுத்தப் போனார்.

"இருக்கட்டும் மாப்ள. பாருங்க" என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டி.வி.யைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அடி விழும்போது அவர் விரல் மடங்குகிறதா, பல்லைக் கடிக்கிறாரா என்று கவனித்தேன். ஒன்றுமே இல்லை. சத்தம் போடாமல், கண் எடுக்காமல் பார்த்தார். அது இன்னும் பயமாக இருந்தது. கத்துகிறவனை நம்பலாம், அமைதியாக ரசிக்கிறவனை நம்பக்கூடாது என்று தோன்றியது. என் அக்கா வீட்டுக்காரரும் அதிர்ந்து பேசியதே இல்லை. ஊரில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர்.

மாப்பிள்ளையின் அம்மாதான் நடுநடுவே பேசினார். "இவன் தேற மாட்டான்டா. மூச்சு வாங்குறான் பாரு." மொச்சை கிண்ணத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்த சண்டைக்குக் கூண்டுக்குள் இரண்டு பெண்கள் வந்தார்கள். பெண்களும் இதில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி நல்ல உயரம். இன்னொருத்தி ஒல்லி, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். உயரமானவள் அவளை வலையோடு சாய்த்து அடித்தாள். சின்னவளுக்கு இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் நான் மாப்பிள்ளையை மறந்துவிட்டேன். அப்படி ஒரு கண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அவள் விழுந்தாள். எழுந்தாள். திரும்ப விழப் போகிறாள் என்று நினைத்தபோது, எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, உயரமானவளின் தாடையில் ஒன்று விட்டாள். உயரமானவள் தள்ளாடினாள்.

"விடாதடி! குத்து! இன்னும் ஒண்ணு குத்து அவள!"

கத்தியது நான்தான். முட்டி போட்டு எழுந்திருந்தேன். கையில் இருந்த மாதிரி நூல் கீழே விழுந்துகிடந்தது. என் கணவர் வாயைத் திறந்தபடி இருந்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அதுவரை நான் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அப்படியே அவர் என்னைப் பார்த்தார்.

"அடேயப்பா, சம்பந்தியம்மாவுக்கு வாயி இருக்குதா! நான் சாமி செலன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்று அவர் அம்மா சிரித்தார்.

எனக்குக் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் வெட்கம் எல்லை தாண்டிப் போனால் ஒரு தைரியம் வருமே, அது வந்தது. மாப்பிள்ளையை நேராகக் கேட்டேன்.

"நீங்க இன்னாத்துக்கு மாப்ள இதப் பாக்குறீங்க?"

அவர் டி.வி.யைக் காட்டினார். "நடுவுல ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க அத்தை. கறுப்புச் சட்ட, ரெஃப்ரி. இவங்க ரெண்டு பேரையும் விட நான் அவரத்தான் பாப்பேன். ஒருத்தரால முடியலன்னு தெரிஞ்சா ஓடிப்போய் நடுவுல வுழுந்துடுவாரு. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் அதோட கைய எடுத்துடணும்."

அவர் அம்மாவின் கை நின்றது. "இவன் அப்பா குடிச்சிட்டு வந்தா இவன்தான் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நிப்பான்" என்றார். "இடுப்பு ஒயரந்தான் இருப்பான். அவனுக்கும் சேத்து வுழும்." சொல்லிவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.

கேட்கும்போது நெஞ்சு இளகியது உண்மைதான். ஆனால் நல்ல பதிலைக் கேட்டால் அதன் மேலும் எனக்குச் சந்தேகம் வரும். அடி வாங்கி வளர்ந்தவன் அடிக்க மாட்டான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அப்போதுதான் என் கணவருக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். பல வருடங்களுக்கு முன்பு, பெரணமல்லூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, வீங்கிய கண்ணோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள். கதவு இடித்துவிட்டது என்றாள். அது கதவு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வருவதற்குள் அவளுக்குக் காபி கொடுத்து, அனுசரித்துப் போ என்று சொல்லி, நானே பஸ் ஏற்றி விட்டேன்.

"என் பொண்ணு மேல நீங்க கை வெச்சா?" என்று கேட்டேன்.

"இன்னா பேசுற நீ!" என்று என் கணவர் அதட்டினார். மாப்பிள்ளை அவரைக் கையமர்த்தினார்.

"மாட்டேன்னு சத்தியம் பண்ணா நம்புவீங்களா அத்தை?"

"நம்ப மாட்டேன்."

"அப்ப வந்து வந்து பாருங்க. இன்னிக்கு வந்தாப்பல, சொல்லாம வாங்க."

கீழே கிடந்த நூலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் வரும்போது, "மானத்த வாங்கிட்ட" என்று ஆரம்பித்த என் கணவர், பாதி வழியில், "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மாவின் கண், களம்பூரில் நான் கத்தியது, கேட்டது, அவர் சொன்னது எல்லாம். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் ஒரு ராத்திரி யோசித்தாள். காலையில் அவளே நூலை எடுத்துக்கொண்டு சாயப் பட்டறைக்குப் போனாள்.

அந்த வாரமே பெரணமல்லூர் போனேன். அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போதே நாலு வருடம் ஆகியிருந்தது. "அன்னிக்கு உன்ன நான் பஸ் ஏத்தியிருக்கக் கூடாதுக்கா" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள். "இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்? துன்னு" என்றாள். ஆனால் திரும்பி வரும்போது வழக்கமில்லாமல் பஸ் வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்றும் மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் களம்பூர் போகிறேன். மாப்பிள்ளை இன்னும் ஞாயிற்றுக்கிழமை சண்டை பார்க்கிறார். சம்பந்தியம்மா எனக்கும் பக்கத்தில் இடம் போடுகிறார். என்னைப் பார்த்ததும் மகள் வாசலிலேயே நின்று, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டி, "பாத்துக்கினியா? சரி, உள்ள வா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் போகிறேன், ஆனால் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். யாரோ எங்கோ அடித்துக்கொள்வதைக் காசு கொடுத்து ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்கு முழுதாக இன்னும் புரியவில்லை. ஆனால் என் கண் எதிரே ஒருத்தி அடிபட்டு வந்து நின்றபோது பார்க்காத மாதிரி இருந்தவள் நான் என்பது மட்டும், அந்தக் காலையிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை.