அம்மா முழுகி எழுந்த காலை

அம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சாகப்போகிறாள் என்பதைப் பாஸ்டர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிவிட்டு டீயும் குடித்தார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நானம் என்றால் அதுதான் என்றார் பாஸ்டர். தண்ணீருக்குள் போகிறவள் செத்து அடக்கமாகிறாள். எழுந்து வருகிறவள் வேறு ஒருத்தி, அன்றைக்குப் பிறந்த குழந்தை. அவர் பைபிள் பள்ளியில் படித்தவர். எதையும் வேரிலிருந்து சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. இயேசுவுக்கு முன்பிருந்தே யூதர்களிடம் இந்த முழுக்கு இருந்ததாம். படி வெட்டிய தொட்டிக்குள் இறங்கி முழுகுவார்களாம். வேறு சாமியைக் கும்பிட்டவர்கள் அவர்களோடு சேர வந்தாலும் முழுகித்தான் சேர வேண்டும். எழுந்தால் பழைய பிறப்பு போய்விடும், பழைய உறவும் போய்விடும். குடத்தில் மொண்டு ஊற்றிய தண்ணீர் அதற்கு ஆகாது. மழையாகவோ ஊற்றாகவோ தானாக வந்து சேர்ந்த தண்ணீர்தான் வேண்டும். உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மோதிரம், ஒரு கயிறு, தலைமயிரில் ஒரு சிக்குகூட இருக்கக் கூடாது.

அம்மா அதிகம் பேசமாட்டாள். எனக்கும் அந்தக் கூச்சம் அவளிடமிருந்து வந்ததுதான். அன்றைக்கு மட்டும் தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

“அப்போ முன்னாடி பெத்த புள்ளைங்க?”

ஆண்டவர் எல்லாவற்றையும் புதிதாகக் கொடுப்பார் என்று சொல்லிப் பாஸ்டர் சிரித்தார். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அம்மா என்னைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைத்து நான் அழுதேன்.

அவள் கேட்டது தம்பியைப் பற்றி. அதற்கு முந்தின கோடையில், தவழ ஆரம்பித்த வயதில், காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கர்த்தருக்குள் இருப்பவர்கள் செத்த பிள்ளைகளை மறுபடி பார்ப்பார்கள் என்று பாஸ்டரம்மா சொல்லித்தான் அம்மா சபைக்கே போனாள். இப்போது பாஸ்டர் வந்து, முழுகினால் பழைய உறவு போய்விடும் என்கிறார். முழுகாவிட்டால் அவனைப் பார்க்க முடியாது. முழுகினாலோ, பார்க்கப்போகிறவள் அவனுக்கு அம்மா இல்லை. இதையெல்லாம் பெரியவளான பிறகு அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. சபைப் பக்கம் அவர் போனதே இல்லை. ஆனால் தம்பி போனதிலிருந்து அம்மா எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டார். கேலி மட்டும் பண்ணினார்.

“முழுவி எழுந்தா நான் யாரோ, நீ யாரோவா? திங்கக்கெயம ஷிப்டுக்கு எனக்கு யாரு சோறு கட்டுவா?”

அம்மா சிரிக்கவில்லை.

சபையில் சிமெண்டுத் தொட்டி இருந்தது. போர்வெல் தண்ணீரை மோட்டார் போட்டு நிரப்புவார்கள். தொட்டி வேண்டாம், ஏரியில் முழுகுகிறேன் என்று அம்மா சொல்லியனுப்பினாள். தானாக வந்த தண்ணீர் என்று சொன்னவரே அவர்தானே, பாஸ்டரால் மறுக்க முடியவில்லை. ஏரியில் இந்த இடம்தான் என்று காட்டியதும் அவள்தான். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் ஒரு கருவேல மரம் நின்றது. ஏரி வற்றிக் கிடந்த கோடையில், அந்த மரத்தடியில்தான் நைனா தம்பியைப் புதைத்திருந்தார். பெண்களை அங்கே கூட்டிப்போகும் வழக்கமில்லை. மரத்தின் அடையாளத்தை அவர் சொல்லி அம்மாவுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் ஏரி ஏறி அந்த மண்ணை மூடிவிட்டது. எனக்கு இது எதுவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே போய்விட்டோம். எதிர்க்கரைக்கு அப்பால் கம்பெனிகளின் உலைவெளிச்சம் இன்னும் அணையவில்லை. தண்ணீர் சிவப்பாகவும் இல்லாமல் கறுப்பாகவும் இல்லாமல் கிடந்தது. அதன்மேல் புகைக்கரி மெல்லிய தோல்போலப் படிந்திருந்தது. பாஸ்டர் இறங்கி இரண்டு கையாலும் அதை விலக்கினார். விலகி, அவர் முதுகுக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொண்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

அம்மா வெள்ளை அங்கியில் வந்தாள். கூந்தல் அவிழ்ந்து தொங்கியது. மூக்குத்தி இருந்த இடத்தில் சின்ன ஓட்டை. வளையல், மெட்டி, தாலி எல்லாம் கைக்குட்டையில் முடிந்து நைனாவின் சட்டைப்பையில் இருந்தன. தண்ணீரில் இறங்கும் முன்பே அவள் முகம் வேறு யாருடையதோ போல ஆகியிருந்தது. வலது கையை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போதுதான் பாஸ்டர் அதைப் பார்த்தார். கையில் என்ன என்று கேட்டார். அவள் விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். முதுகைத் தாங்கி அவளை முழுக்கினார். தலை போனது, கூந்தல் போனது, அங்கியும் போனது. மூடிய அந்தக் கை மட்டும் தண்ணீருக்கு மேலே தனியாக நின்றது. தூக்கினார். கையைத் திறக்கச் சொன்னார். அவள் திறக்கவில்லை. மறுபடி முழுக்கினார். மறுபடியும் கை மட்டும் நின்றது.

வேடிக்கை பார்க்க வந்த அத்தை என் காதருகில், “தாயத்து கீயத்து வச்சிக்கினு கீறாளா இன்னா?” என்றாள்.

பாஸ்டர் அப்படியே நின்றார். அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டால் அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய்யாகிவிடும். வற்புறுத்தினால் அம்மா கரையேறிவிடுவாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு அவர் மெதுவாகப் பேசினார். அந்த அமைதியில் கரைவரைக்கும் கேட்டது.

“தொறக்க வேணாம்மா. யூதருங்க கொழந்தைய முழுக்காட்டும்போது இறுக்கிப் புடிக்கமாட்டாங்க. தளரத்தான் புடிப்பாங்க. தண்ணி எல்லா எடத்துக்கும் போவணும் இல்ல? நீ வுட வேணாம். தளரப் புடிச்சிக்கோ, போதும்.”

கைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்து சொன்னாரா, அந்த உதாரணம் தற்செயலாக வாயில் வந்ததா, எனக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கை அவள் முதுகுக்கு வரும் முன்பே தானாக உள்ளே போனாள். இந்த முறை கையும் போனது. கரித்தோல் கூடி மூடிக்கொண்டது. அவள் எழவில்லை.

தூரத்தில் சென்னைக்குப் போகிற ரயில் கூவிவிட்டுப் போனது. காற்றே இல்லை, ஆனால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த கருவேலங்கிளை ஒன்று அசைந்தது. அம்மா முழுகிய இடத்தில் ஒன்றுமில்லை. மரத்தடியிலிருந்து நீர்க்குமிழிகள் வந்தன. ஒன்று உடைந்ததும் அடுத்தது, நிதானமாக, கீழே யாரோ மூச்சு விடுவதுபோல. நைனா செருப்போடு தண்ணீருக்குள் ஓடினார்.

அவர் முழங்காலளவுக்குப் போனபோது அம்மா எழுந்தாள். கை பாதி திறந்திருந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு தொங்கிச் சொட்டியது. என் விரல் அளவுகூடத் தடிமன் இல்லை. சுற்றினால் ஒரு சின்ன இடுப்புக்குத்தான் காணும். நைனா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று பாஸ்டர் அப்போதுதான் சொன்னார். முன்பு இரண்டு முறை முழுக்கியது கணக்கில்லை போலிருக்கிறது. அம்மாவின் தலையில் கை வைத்தார். பிறகு அந்த ஈரக்கையின் மேலும் வைத்தார். சபையார் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

கரையில் எல்லாருக்கும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். நான் நைனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தலை துவட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண், அம்மாவின் குரலிலேயே, “இன்னாடி, கிட்ட வா” என்றாள். தன் பன்னை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியை என்னிடம் தந்தாள். மறுபாதியை எடுத்துக்கொண்டு திரும்பவும் தண்ணீருக்குள் போய், மரத்துக்குப் பக்கத்தில் மெதுவாக விட்டாள், எறியாமல், ஒரு தட்டில் வைப்பதுபோல. அது ஊறி, கறுத்து, கீழே போனது. ஒரு மீன்கூட வரவில்லை.

“அங்க மீனே இல்லமா” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

அதோடு என் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எங்கள் அம்மா, காய்ந்துபோன ரொட்டியைக்கூட டீயில் நனைத்துத் தின்கிறவள். மீன் இல்லை என்று தெரிந்தும் நல்ல பன்னைத் தண்ணீரில் விட அவளால் முடியாது. பாஸ்டர் சொன்னது நிஜம்தான், ஏரிக்குள்ளிருந்து வந்திருப்பது வேறு யாரோ என்று முடிவு செய்துகொண்டேன். அவள் நீட்டிய கையைத் தொடாமல், நைனாவின் ஈர லுங்கியைப் பிடித்துக்கொண்டே வீடுவரைக்கும் நடந்தேன்.