மூன்று சேர்ந்த லட்சம்

லேத் பட்டறைக்காரர் தம் மச்சானுக்கு ஒரு லட்சத்து மூன்று ரூபாய் கடன்பட்டிருந்தார். மச்சான் காசில் வாங்கிய லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் விலை ஒரு லட்சம். அதை வண்டியில் வைத்துக் கட்டிய கயிற்றின் விலை மூன்று. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சிமெண்டுக் கடைக்காரர். கயிற்றைக்கூட விட்டுக்கொடுக்காதவர்.

பட்டறைக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். அவர் கடைந்த தண்டு மயிரிழை பிசகாது. பெரிய ஆலைக்காரர்களே வாசலில் வந்து காத்திருப்பார்கள், சும்மா சொல்வதல்ல.

மச்சான் ஒரே நிபந்தனை போட்டார். "எத்தனை தவணையா வேணும்னாலும் கொடுங்க மாப்பிள்ளை. ஆனா எல்லாம் ஒரே அளவு. கடைசித் தவணைன்னு ஒரு வாலை விட்டுட்டு எத்தனையோ பேர் எனக்கு டிமிக்கி கொடுத்துட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா மிஷின் என் கடைக்கு வந்துடும்."

இதென்ன பெரிய வித்தை என்று பட்டறைக்காரர் தகரத்தில் சாக்பீஸால் வகுக்க உட்கார்ந்தார். இரண்டாய்ப் பிரித்தார், ஒன்று மிஞ்சியது. மூன்றாய்ப் பிரித்தாலும் ஒன்று. ஏழுக்கும் அதே ஒன்று. பதினொன்றுக்கு இரண்டு, பதினேழுக்கு ஒன்பது. வெறும் லட்சம் என்றால் சொன்னபடி கேட்கிறது. கயிற்றுக் காசு சேர்ந்ததும் முரண்டு பிடிக்கிறது. தாம்தான் தப்பாய் வகுக்கிறோமோ? தலை கிறுகிறுத்தது.

"அந்த மூணை விட்டுடச் சொல்லி அண்ணன்கிட்ட நான் கேக்கறேனே," என்றாள் மனைவி.

"உங்கண்ணன் கயித்துல நான் ஏன் தொங்கணும்? கொடுத்தா முழுசாத்தான் கொடுப்பேன்."

வீட்டு இரும்புக் கேட்டின் கீலுக்குத் தண்டு கடைய வந்த கணக்கு வாத்தியார் தகரத்தைப் பார்த்தார். "இது பகா எண்ணுங்க. ஒண்ணாலயும், அந்த எண்ணாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது."

"ஆயிரத்துச் சொச்சத்தால?"

"எதாலயும்."

"யாரு இப்படி ஏற்பாடு பண்ணினது?"

வாத்தியார் சிரித்தார். "யாரும் பண்ணல. அது அப்படித்தான்."

இரும்பு கோணினால் அதற்கொரு காரணம் இருக்கும். 'அது அப்படித்தான்' என்பதும் ஒரு பதிலா? பட்டறைக்காரருக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் இருந்த 'ஒண்ணு' மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

"மச்சான், ஒரே தவணை. வருஷக் கடைசியில மொத்தமா," என்றார்.

"ஒரே தவணையா? அதெப்படி?"

"எல்லாம் ஒரே அளவுன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல எது பெரிசு, எது சின்னதுன்னு காட்டுங்க பாப்போம்."

மச்சான் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார். "தவறினா?"

"மிஷினைத் தூக்கிட்டுப் போங்க."

அந்த வருஷம் லேத் ஓயவில்லை. வருஷக் கடைசியில், சிமெண்டுத் தூசி பறக்கும் கடையில் மச்சான் எதிரே வந்து நின்றபோதும் பட்டறைக்காரரின் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

"ஒண்ணு குறைஞ்சா மூணாவும் பிரியுது, ஏழாவும் பிரியுது. அந்த ஒண்ணு சேர்ந்ததும் ஏன் மச்சான் இப்படி அடம் பிடிக்குது?"

"எனக்கென்ன தெரியும்? எண்ணுங்க மாப்பிள்ளை." மச்சான் உள்ளங்கையை விரித்தார்.

பட்டறைக்காரர் ஒவ்வொரு கட்டாக எண்ணி அதில் வைத்தார். கட்டுகளின் மேல் மூன்று ஒற்றை ரூபாய்.