கடவுச்சொல் சரிதான்

குருவிட்டக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். அலுவலகக் கணினியில் லினக்ஸ் போட்டது நான்தான். அதனால் அதற்கு எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்களை இணையத்தில் அனுப்ப அன்று கடைசி நாள். பிள்ளைகளின் விவரமெல்லாம் அந்தக் கணினிக்குள். காலையில் கடவுச்சொல்லை அடித்தேன். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கடவுச்சொல் கேட்டது. பத்துத் தடவையாவது அடித்திருப்பேன். விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று பார்த்தேன். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே கதை.

முந்தின நாள் அதில் கடைசியாக வேலை செய்தவர் கணித ஆசிரியர். நேரே அவர் வகுப்புக்குப் போனேன்.

"பாஸ்வேர்டை மாத்துனீங்களா சேர்?"

"ஐயோ, அதெல்லாம் நான் தொடவே இல்லைங்க மிஸ். பேருங்கள சரிபார்த்துட்டு மூடிட்டேன்."

"தொடாம தானா மாறுமாங்க?"

பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அதிபர் வேறு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஹரியாங்க மிஸ்?" என்று, சரியாகிவிட்டதா எனக் கேட்டார். எனக்கு அழுகை வராத குறை.

கடைசியில் இரத்தினபுரியில் கணினி திருத்துகிற ஒருவருக்குப் போன் எடுத்தேன். கடவுச்சொல் பிழை என்று அது சொல்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன்.

"எஹெனங் பாஸ்வேர்ட் எக்க ஹரி," என்றார். அப்படியென்றால் கடவுச்சொல் சரிதான். வகுப்பில் நானே படிப்பிக்கிற விஷயம்!

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். வெறும் எழுத்துத் திரை வந்தது. அதே கடவுச்சொல்லை உடனே ஏற்றுக்கொண்டது. கணினியின் வன்வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தால், துளியும் இல்லை. ஒரு சின்னக் கோப்பை எழுதக்கூட இடமில்லாமல்தான் அது என்னை வெளியே தள்ளியிருக்கிறது.

நிரப்பியது வேறு யாருமில்லை. எதுவும் தொலையக் கூடாதென்று, தினமும் எல்லாவற்றையும் பிரதியெடுக்க நான் எழுதிவைத்த நிரல். பழைய பிரதிகளை அழிக்கச் சொல்ல மறந்திருந்தேன்.

அழித்தேன். திறந்தது. விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுக் கணித ஆசிரியரிடம் போனேன்.

"பிழை என்னோடதுங்க சேர்."

"விண்ணப்பம் போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"அப்ப சரி. இதப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிருங்க மிஸ். காலையில இருந்து என்னைய ஒரு மாதிரி பாக்குதுங்க."

வகுப்புக்குள் போய், கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன்.