அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது

கம்ப்யூட்டரின் தலையில் உட்கார்ந்திருந்த சின்னக் கேமராவை டீச்சர் கையில் எடுத்து அறை முழுவதும் சுற்றிக் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சுவர், ஜன்னல், பீரோவின் மேல்பக்கம், மேசைக்கு அடி. எங்கோ ஒரு நகரத்தில் இருந்த மேற்பார்வையாளர் சொன்ன இடமெல்லாம் காட்டினார். கடைசியாக, நகம் வெட்டியிருக்கிறதா என்று நாங்கள் பார்க்கும்போது பிள்ளைகள் நீட்டுவதுபோல, தம் இரண்டு கைகளையும் நீட்டிப் புரட்டிக் காட்டினார். ஆன்லைன் தேர்வு அது. முடியும்வரை அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. இன்னொரு முகம் தெரிந்தால் தேர்வு அந்த இடத்திலேயே ரத்து. யாரும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ள, வாசலில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்த பள்ளி அது. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரியான நான் அங்கே தமிழ் எடுத்தேன். அவர் கணக்கு டீச்சர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளிய அம்மாவின் சம்பளத்தில் வளர்ந்து, அதே பள்ளியில் படித்து, அங்கேயே வேலைக்கு வந்தவர். பிரின்சிபல்கள் எப்போதும் கீழே சமவெளியிலிருந்துதான் வந்தார்கள். லயத்துப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் 'தமிழ் செக்‌ஷன்' என்று மொத்தமாகக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷமாவது அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும், அந்தப் பிள்ளைகளைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இருந்த பிரின்சிபல் ஓய்வுபெறப் போகிறார், கல்வி நிர்வாகத்தில் முதுகலை முடித்தவரைத்தான் அடுத்துப் போடுவோம் என்று மேனேஜ்மென்ட் சொன்னதும் டீச்சர் ஆன்லைனில் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஃபோனுக்கு ரேஞ்ச் கிடைக்காது. தோட்டத்து ஃபாக்டரிக்கு மேலுள்ள வளைவில்தான் கிடைக்கும். சாயங்காலம் பள்ளி விட்டதும் அங்கே போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பாடம் கேட்பார். மழைக்காலத்தில் குடை ஃபோனுக்குத்தான், அவர் நனைந்துகொண்டிருப்பார்.

அவருடைய வீட்டுக்காரரும் எங்கள் பள்ளியில்தான் இருந்தார், பி.டி. சாராக. நல்ல உயரம், நல்ல குரல், எல்லாருக்கும் பிடித்த மனிதர். டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையும்போதெல்லாம், "எந்திரிங்கப்பா, பிரின்சிபல் மேடம் வாராக" என்று அவர்தான் முதலில் எழுந்து நிற்பார். மற்றவர்களும் எழுந்து நின்று சிரிப்பார்கள். டீச்சரும் கூடவே சிரித்துவிட்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். வீட்டிலும் இப்படித்தான் கேலி செய்வாரா என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டுல சிரிக்க மாட்டாரு டீச்சர்" என்றார்.

கடைசித் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே பள்ளிக்கு வந்தோம். நம்பி எழுதக்கூடிய இணைப்பு கம்ப்யூட்டர் அறையில்தான் இருந்தது. அந்த அறைக்குப் பின்பக்கம் இன்னொரு கதவு உண்டு. விளையாட்டுச் சாமான் அறைக்குப் போவது. எப்போதும் பூட்டியிருக்கும். சாவி பி.டி. சாரிடம்.

பாதித் தேர்வில் பின்கதவுப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து உள்ளே பார்ப்பதற்குள் அவர் வந்துவிட்டார். கக்கத்தில் ஒரு வாலிபால். டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, குனிந்து, அவர் முகத்தோடு தம் முகத்தை வைத்துக் கேமராவைப் பார்த்தார். கண்ணாடி பார்ப்பதுபோல முடியைக் கோதிக்கொண்டார். கேள்வித்தாள் மறைந்து, தேர்வு ரத்து என்ற அறிவிப்பு திரையில் வந்தது.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரிஞ்சுதானே வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தெரிஞ்சுதான். நாளைக்கு எம் பொண்டாட்டி முன்னாடி போய் நான் லீவு கேட்டு நிக்கணுமா? வா, சோறு ஆறிரும்."

குரல் உயரவே இல்லை. கொடுமை என்றால் அதில் கொஞ்சமாவது கோபம் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தார், அதன் உறையை எடுத்து மூடினார், அவர் பின்னாலேயே நடந்து போனார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அதையே அவர் கதையாகச் சொன்னார். சாப்பிடக் கூப்பிடப் போனாராம், அதற்குள் மெஷின் கோபித்துக்கொண்டதாம். சிரித்தார்கள். டீச்சர் அங்கேதான் இருந்தார்.

மேனேஜ்மென்ட் காத்திருக்கவில்லை. கீழேயிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு டைம் டேபிள் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது டீச்சர்தான். ஓண விடுமுறையில் என்னோடு சித்தூருக்கு வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதே தேர்வை மறுபடி எழுதினார். "நீங்க எழுதுங்க டீச்சர், ஒரு பூனை இந்தப் பக்கம் வராதுங்க" என்று சொல்லி என் அம்மா கதவை மறித்து உட்கார்ந்துகொண்டார். தேறிவிட்டார். சர்டிபிகேட் வந்ததும் அதற்குச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டியவர் பி.டி. சார். வருகிறவர்களிடமெல்லாம், தான் இடம் கொடுத்ததால்தான் இவள் படித்தாள் என்று சொல்வார். வந்தவர்களுக்கு டீச்சர் சாயா கொண்டுவந்து வைப்பார்.

அடுத்த வருஷம் புதிய பிரின்சிபல் தமிழ்ப் பிரிவையே நிறுத்தினார். என் வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பி இங்கே ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் இங்கே பிரின்சிபல் இடம் காலியானது. நான் சொல்லித்தான் டீச்சர் மனு போட்டார், கிடைத்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. ஒரே ஒரு பையோடு புறப்பட்டவரிடம், அழுதுகொண்டு திரும்பி வருவாய் என்று பி.டி. சார் சொல்லி அனுப்பினாராம். டீச்சர் திரும்பிப் போகவில்லை. சட்டம் போட்ட அந்த சர்டிபிகேட்டைக்கூட எடுத்து வரவில்லை, நகல் வாங்கிக்கொண்டார்.

தமிழ்ப் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டதால் மேலே மூணாறுப் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தது. முதலில் வேண்டாமென்று வைத்தது பி.டி. வேலையைத்தான். போன வருஷம் பி.டி. சார் எங்கள் பள்ளிக்கு வந்தார். தேய்த்த சட்டை, மடித்து வைத்த கைக்குட்டை. நான் வருகைப் பதிவேட்டோடு பிரின்சிபல் அறையில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போகப் பார்த்தேன். டீச்சர் கையமர்த்தி நிற்க வைத்தார்.

அவருக்கு நாற்காலி போடச் சொன்னார், சாயா வரவழைத்தார். இங்கே பி.டி. இடம் காலி என்று கேள்விப்பட்டதாக அவர் சொன்னார்.

"ஆமாங்க, இருக்கு. இன்னிக்குத்தான் இன்டர்வியூ. கமிட்டிக்காரங்க பாப்பாங்க. நான் அந்த ரூம்ல இருக்கக்கூடாது. சொந்தக்காரங்க வந்தா பிரின்சிபல் உக்காரக்கூடாதுன்னு விதி."

"நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லக்கூடாதுங்க."

அப்படி ஒரு விதி எங்கள் பள்ளியில் கிடையாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் டீச்சருக்குத் தெரியும்.

கமிட்டிக்கு இளவயது ஆள்தான் வேண்டியிருந்தது. உள்ளே போன வேகத்தில் அவர் வெளியே வந்தார். ஊருக்குப் புறப்படாமல், பள்ளி விடும்வரை வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரை எட்டி எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் வகுப்புக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அவரைத் தாண்டித்தான் நடந்தார். நடை மாறவே இல்லை. சந்தோஷப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார். என்னையும் வரச் சொன்னார். சோறு வடித்து, மீன் குழம்பு வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறினார். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். கேட்காமலே டீச்சர் இன்னொரு கரண்டி போட்டார். இங்கேயே இருந்துவிடட்டுமா என்று அவர் மெல்லக் கேட்டபோது, பாலக்காட்டுக்கு இப்போது விட்டால் பிறகு பஸ் இல்லை என்று சொல்லிக் கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஸ்டாண்டுவரை கூடவே வந்து, ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார வைத்தார். பஸ் நகரும்போது அவர் ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று டீச்சர் கேட்கவும் இல்லை.

திரும்பி நடந்து வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. கொஞ்சம் பாவமாக இல்லையாங்க டீச்சர் என்று கேட்டேன்.

"பாவமாத்தான் இருக்கு டீச்சர்" என்றார். "அதான் சோறு போட்டேன்."