சொன்னால் பலிக்காத மருந்து

அம்மாவின் பிளாஸ்க் சிவப்பு நிறம். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் எப்போதோ கெட்டுப்போனதால், பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையம் ஒன்றை அப்பா பொருத்தியிருந்தார். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அம்மா அதில் வரக்காப்பி கொண்டுபோவார். தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, நாங்கள் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் அது எங்களோடு வந்தது. பின்னாளில் அதில் வேறொன்று ஊற்றப்பட்டது. மூடியைத் திருகினால் ஈர மண்ணும் கருகிய வெல்லமும் கலந்தாற்போல் ஒரு வாடை எழும். என் அண்ணி முகம் சுளிக்காமல் அதைக் குடிப்பார்.

அண்ணி கோப்பெங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்; துணிக்கடையில் வேலை. அண்ணன் லோரி ஓட்டியதால் பெரும்பாலும் வெளியூரில் இருப்பான். குழந்தை இல்லாமலே ஆண்டுகள் கழிந்து, கடைசியில் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போக முடிவெடுத்தபோது, மருத்துவமனைக்குத் துணையாகப் போனது நான்தான். ஊசியைத் தம் வயிற்றில் தாமே போட்டுக்கொள்ள அண்ணி கற்றுக்கொண்டார். போடும்போது சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசி இறங்கிய பிறகுதான் மூச்சு வெளியே வரும்.

அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. சுங்காயில் தமக்குத் தெரிந்த ஒரு வைத்தியரைத் தேடிப்போய், வேரும் பட்டையுமாக ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். அதில் பாதி சீன மருந்துக்கடைச் சரக்கு. சில இலைகள் மலாய் மருத்துவச்சி ஒருத்தி பறித்துக் கொடுத்தவை. எங்கள் பக்கத்தில் நோய்க்காரன் எல்லா வாசலிலும் நிற்பான். மருந்துக்கு இனம் கிடையாது. ஆனால் அந்த மருந்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. குடிப்பவர் அதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் பலிக்காது. அண்ணி என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிளாஸ்க்கில் இருப்பது ஏதோ சூட்டைத் தணிக்கும் கஷாயம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

கருமுட்டை எடுப்பதற்கு முன் மருத்துவர், அவரும் தமிழ்ப் பெண்தான், எழுதிக்கொண்டே கேட்டார்: “வேற ஏதாவது எடுக்கிறீங்களா? மலாய் ஜாமு, சீனச் சின்சே மருந்து, நாட்டு மருந்து?”

“இல்ல டாக்டர்,” என்றார் அண்ணி. குரலில் சிறு தடுமாற்றமும் இல்லை.

முட்டை எடுத்த அன்று மாலை அவருடைய உதடுகள் வெளுத்தன. வயிறு கல்லாக இறுகியது. உள்ளே இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. வயிற்றைத் திறந்து ஒரு சினைப்பையை எடுத்த பிறகே உயிரைக் காப்பாற்ற முடிந்தது. எடுத்த சில முட்டைகளும் கருவாகவில்லை.

மறுநாள் மருத்துவர் கட்டிலருகே வந்து அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார். கட்டிலின் கால்மாட்டில் அம்மா, மடியில் சிவப்பு பிளாஸ்க்குடன் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரை ஒருமுறை பார்த்தார்.

“ஒண்ணும் சாப்பிடல டாக்டர்.”

வீடு திரும்பும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோதுதான் என்னிடம் உண்மையைச் சொன்னார்.

“அப்ப டாக்டர் மறுபடி கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல, அண்ணி?”

“அத்தைய வச்சிக்கிட்டா? ஒங்க அண்ணன் காதுல விழுந்தா அவங்கள சும்மா விடுவாரா? வெசம்னு நினைச்சா கொடுத்தாங்க? பேரப்புள்ள வேணும்னு கொடுத்தாங்க லா.”

பிறகு என் வற்புறுத்தலால் மருத்துவரிடம் மட்டும் தனியே சொன்னார். அவர் கோபப்படவில்லை. “ரத்தம் நிக்காதது இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தா முட்டை எடுக்கிறத தள்ளிப் போட்டிருப்பேன்,” என்றார். அந்த மூன்று வாக்கியங்களுக்கு நடுவேதான் அண்ணி இன்றுவரை வாழ்கிறார். மறுபடி முயல அண்ணன் சம்மதிக்கவில்லை; அண்ணியும் கேட்கவில்லை. தொட்டிலுக்கென்று வாங்கிய கொக்கி இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. துணி காயப்போடும் கயிற்றை அதில் கட்டியிருக்கிறார்கள்.

அம்மாவோ தாம் அறிந்த வழியில் காரணம் கண்டுபிடித்தார். மருந்து பலிக்கவில்லை என்றால், அவள் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். “வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்க மாட்டா,” என்று கல்யாண வீடுகளில் உறவினரிடம் சொல்வார். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அண்ணிக்கு அது கேட்கும். தட்டுகளை அடுக்கும் கை ஒரு கணம் நிற்கும், மறுபடி அடுக்கும். மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று அண்ணியிடம் ஒருமுறை கேட்டேன். “வயசான மனசு. அதுல போயி இதப் போட வேணாம்,” என்று தடுத்துவிட்டார்.

இப்போது அம்மாவுக்கு இதயக் கோளாறு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மருத்துவமனைக்கு அழைத்துப்போவது அண்ணிதான். சென்ற மாதம் நானும் உடன் போயிருந்தேன். இளம் மருத்துவர் கணினியைப் பார்த்தபடி, அம்மா வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அம்மா பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

அண்ணி தம் பையைத் திறந்தார். அலமாரிக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருந்த சிவப்பு பிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்து, மூடியைத் திருகினார். ஈர மண்ணும் கருகிய வெல்லமுமாக அந்த வாடை குளிரூட்டிய அறையை நிறைத்தது.

“நெஞ்சுக்குன்னு சுங்காய் வைத்தியர் கொடுத்த இதக் குடிக்கிறாங்க, டாக்டர். தினமும் காலையில.”

அம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபத்தைவிட, நெடுநாள் வழக்கொன்றில் வென்ற நிறைவே மிகுதியாக இருந்தது.

“பாத்தியா? இவளால வாய அடக்க முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல.”

மருத்துவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்த பிளாஸ்க்கை அண்ணி எடுத்து, அப்பா வெட்டிப் போட்ட வளையம் சரியாகப் பொருந்தும்வரை மூடியை இறுக்கினார்.