வேப்பிலை தொங்கிய வாசல்

யுத்தத்தில் குண்டு விழும் என்று பயந்து பட்டணத்தைவிட்டு ஓடிய குடும்பங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த வருஷம் நான் டீச்சரானேன். நொச்சிக்குப்பத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அம்மா ரோட்டோரம் மீன் விற்றாள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் யாராவது என்னை வெட்கப்படுத்தப் பார்ப்பார்கள் என்று எப்போதும் காத்திருந்தேன். காரணமும் இருந்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில், நான் தண்ணீர் குடித்த டம்ளரை உள்ளே எடுத்துப்போகாமல் என் கண்ணெதிரே வாசலிலேயே கவிழ்த்துவைத்தார்கள். அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த டம்ளரையும் சுமந்துகொண்டுதான் போனேன்.

என் வகுப்புப் பெண்ணொருத்தி மூன்று வாரமாக வரவில்லை. காரணம் தெரியாவிட்டால் திங்கட்கிழமை பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிடுவேன் என்றார் தலைமையாசிரியை. அடித்தால் அந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது. சனிக்கிழமை அபிராமபுரத்தில் இருந்த அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். மீன் கூடையைத் தூக்கிய அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாடி, மூஞ்சிய இப்டி வச்சிக்கினு போற? பொண்ண இட்டாரப் போறியா, சண்டைக்குப் போறியா?"

சண்டைதான். அவர்கள் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்கப் பதில்களைத் தீட்டிக்கொண்டே நடந்தேன்.

கேட்டைத் திறந்ததும் ஜன்னலிலிருந்து "டீச்சர்!" என்று என் மாணவியின் குரல் கேட்டது; அவள் அம்மா, அந்த வீட்டு மாமி, உள்ளிருந்து ஓடிவந்தார்.

"அங்கேயே நில்லுங்கோ! படி ஏறாதேங்கோ!"

தீட்டிய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் பதிவேட்டிலிருந்து போயிருக்கும்.

"ஏன் ஏறக்கூடாது?" என்று மட்டும் கேட்டேன்.

"சின்னவனுக்கு அம்மை வார்த்திருக்கு. வாசல்ல வேப்பிலை சொருகியிருக்கே, பாக்கலையா? குழந்தைகளுக்குப் பாடம் சொல்றவா நீங்க. உங்களுக்கும் ஒட்டிண்டா என்ன ஆறது?"

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படிக்கு மேலே கொத்துக் கொத்தாக வேப்பிலை. எங்கள் குப்பத்தில் என்றால் தெருக்கோடியிலேயே என் கண்ணில் பட்டிருக்கும். இங்கே மாமியின் முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என் மாணவி கேட்டாள், "டீச்சர், என் பேரை அடிச்சுட்டாளா?"

அவள் அப்பா வெளியூரில்; பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்ல ஆளில்லை. அம்மை கண்ட வீட்டுக் காகிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வாங்கமாட்டார்கள் என்று மாமி கடிதமும் அனுப்பவில்லை.

"அடிக்கல. லெட்டரை நானே எழுதிடறேன்" என்று மதிற்சுவர்மேல் நோட்டை வைத்தேன்.

"எங்கேர்ந்து வரேள்?" என்றார் மாமி.

"நொச்சிக்குப்பம்." சொல்லிவிட்டு, அவர் முகம் மாறுவதற்காகக் காத்திருந்தேன். மாறத்தான் செய்தது.

"அவ்வளவு தூரமா! இந்த வெயில்ல நடந்தா வந்தேள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அம்மா மீன் கூடையோட இதைவிடத் தூரம் நடப்பாங்க, மாமி" என்றேன். வெளியாரிடம் இதைச் சண்டையில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நேரில் பார்த்தேன். அம்மை இறங்கியதும் பெண் வருவாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் மற்ற எல்லாரும் கைநாட்டுத்தான். யாரும் கேட்காமலே கையெழுத்துக்குக் கீழே நொச்சிக்குப்பம் என்றும் எழுதினேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, பதிவேட்டுக்குள் செருகி மூடினார். பெயரை அடிக்கவில்லை.