கொண்டலாத்திக்குக் காவல்

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த வருஷத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படம் ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. காரணம் ஒரு கொண்டலாத்தி. இன்றைக்கும் அந்தப் பறவையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணம் முடிந்த கையோடு சித்தப்பா துபாய்க்குப் போய்விட்டார். சித்தி எங்களோடு வலங்கைமானில் இருந்தாள். துபாய்க்குத் திரும்புகிற யாரிடமாவது சித்தப்பாவுக்கு ஒரு கேசட் கொடுத்தனுப்புவோம். அதில் பேச வீடே கூடி உட்காரும். அப்பா மோட்டார் ரிப்பேரில் ஆரம்பித்து உளுந்து விலை வரைக்கும் போவார். அம்மா சமையலறை ஒழுகுவதைச் சொல்வாள். நான் பாட வேண்டும். கடைசியில் டேப் ரெக்கார்டர் சித்தி முன்னால் நகரும்; எல்லோரும் அவள் வாயையே பார்ப்போம். "நல்லாருக்கேன். ஒடம்பப் பாத்துக்குங்க" என்பாள். அவ்வளவுதான்.

மாசி பிறந்ததும் சித்திக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. சித்தப்பா வாங்கித் தந்த பைனாகுலரோடு, பறவைச் சத்தம் பிடிக்கப் போகிறேன் என்று டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு குடமுருட்டி ஆற்றுப் படுகைக்குக் கிளம்பிவிடுவாள். தனியாக அனுப்புவார்களா? துணைக்கு நான். அங்கே ஒரு மருத மரப் பொந்தில் கொண்டலாத்தி அடைகாத்தது. பெட்டை உள்ளேயே கிடக்கும். ஆண் எங்கிருந்தோ புழு கொண்டுவந்து, வெளியே நின்றபடியே ஊட்டிவிட்டுப் பறந்துவிடும். இதையேதான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

"கூட்ட விட்டுக் கண்ண எடுக்காத. இந்தப் பக்கம் திரும்பினா அது பறந்து போயிடும்" என்று பைனாகுலரை என் கையில் திணித்துவிட்டு, சித்தி மூங்கில் குத்துக்குப் பின்னால் போய்விடுவாள். சத்தம் அங்கேதான் நன்றாக விழுமாம். கட்டெறும்பு கடித்தாலும் நான் கத்தக் கூடாது. பெட்டைக்குத்தான் தலையெழுத்து, எனக்கென்ன வந்தது?

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் அப்பா கேட்டார். "வாராவாரம் போறியேம்மா, அப்படி என்னதான் புடிச்சிருக்கே? போடு, கேப்போம்."

சித்தி டேப் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரியா விழலீங்க" என்றாள். நான் விடுவேனா? என் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதற்குள்தானே இருந்தது. நானே பட்டனை அழுத்தினேன்.

ஊப், ஊப் என்று கொஞ்ச நேரம் கொண்டலாத்தி. பிறகு ஒரு செருமல். பிறகு, "என்னங்க... இத நீங்க மட்டும் தனியா கேளுங்க..." என்று சித்தியின் குரல். வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல்.

டக்கென்று அம்மா நிறுத்திவிட்டாள். "பேட்டரி போச்சு."

"போவலம்மா! லைட்டு எரியுது பாரு!"

தொடையில் ஒரு நிமிண்டு விழுந்தது. உண்மையைச் சொன்னதற்கு எங்கள் வீட்டில் அதுதான் மரியாதை. அம்மா அப்பாவிடம், "புது பேட்டரி வாங்கிட்டு வாங்க. பாவம், அதுக்குன்னு வேற என்ன இருக்கு?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன. தொல்லை விட்டது என்று நான் டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். படம் ஆரம்பிக்கும் நேரத்தில் அம்மா வந்து டிவியை அணைத்தாள். டேப் ரெக்கார்டருக்குப் புது பேட்டரியைத் தன் கையாலேயே போட்டு, சித்தியிடம் கொடுத்தாள்.

"கெளம்பு" என்றாள் என்னிடம். "கூட்ட விட்டுக் கண்ண எடுக்காத."

"கூட்டுல ஒண்ணுமே இல்லம்மா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்லாட்டியும் பாரு."

அம்மாவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, அன்று பொழுது சாயும் வரைக்கும் அந்தக் காலிப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.